டெஸ்ட் வைக்கும் முன்னால் ஒரு சர்வே: மூடுலில் நான் செய்யும் முறை

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். கணினி எனக்குத் தொழில் இல்லை, தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மூடுலில் (ஆன்லைனில் பாடமும் டெஸ்ட்டும் வைக்கும் மென்பொருள்) குவிஸ் போடப் போகிறவர்கள் எல்லாரும் நேராக கேள்வி தட்டச்சு செய்ய உட்கார்ந்துவிடுவார்கள், நானும் அப்படித்தான் செய்தேன். அது தப்பு. முதலில் ஒரு சின்ன சர்வே வையுங்கள்.

பழைய மூடுலில் "சர்வே" என்ற பெயரிலேயே ஒன்று இருக்கும், இருந்தால் அதைத் தொடாதீர்கள். அதில் ஏற்கெனவே எழுதி வைத்த கேள்விகள்தான் வரும், நாம் மாற்ற முடியாது. நமக்கு வேண்டியது "ஃபீட்பேக்". அதில் நான்கே கேள்வி போதும்: எதில் எழுதுவீர்கள், மொபைலா கம்ப்யூட்டரா, அது உங்களுடையதா வீட்டில் பொதுவானதா, எந்த நேரத்தில் கையில் கிடைக்கும், சிக்னல் எப்படி. என் வகுப்பில் இதைக் கேட்டபோதுதான் தெரிந்தது, ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் சிலருக்கு போன் அப்பாவுடையது, அவர் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஏழு மணி ஆகும். நானோ அதுவரை மதியம் மூன்று மணிக்கு டெஸ்ட் வைத்துவிட்டு, "ஏன் எழுதலை?" என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது கேள்வி. குவிஸுக்குள் போய் ஒவ்வொன்றாகச் சேர்க்காமல் கேள்வி வங்கியில் பாடவாரியாக கேட்டகரி போட்டு அங்கே சேர்த்து வையுங்கள், அடுத்த வருஷமும் உதவும். முப்பது கேள்வி இருந்தால் ஆளுக்குப் பத்து என்று ரேண்டமாக எடுக்கச் சொல்லலாம். ஆனால் ஒரே கேட்டகரியில் சுலபமானதையும் கஷ்டமானதையும் கலந்து வைத்தால் ஒருவனுக்குப் பத்தும் சுலபமாக வந்து விழும், இன்னொருத்தி மாட்டிக்கொள்வாள். அதனால் தரம் பார்த்துத் தனித்தனி கேட்டகரி.

நிறைய கேள்வியை மொத்தமாக ஏற்ற ஏய்க்கன் (Aiken) ஃபார்மேட் சுலபம். நோட்பேடில் கேள்வி ஒரு வரி, அதன் கீழே ஆங்கில ஏ, பி, சி, டி பெரிய எழுத்தும் ஒரு புள்ளியும் போட்டு நான்கு விடைகள், கடைசி வரியில் ஆன்சர் என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, சரியான எழுத்து. சேமிக்கும்போது என்கோடிங்கில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க மறந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக வந்து நிற்கும். பழைய வினாத்தாள் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்ததாக இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். அப்படியே ஒட்டினால் ஏதோ ஆங்கிலத்தில் உளறியது போலத் தெரியும்.

தவறான விடைகளை எழுதும்போதுதான் உண்மையான வேலையே இருக்கிறது. வேலூர்ப் புரட்சி எந்த ஆண்டு என்று கேட்டு 1806-க்குப் பக்கத்தில் 1805, 1807, 1808 என்று வைப்பது சோம்பேறித்தனம், அதில் தவறு செய்கிறவனைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. 1857 என்று வைத்தால் சிப்பாய்க் கலகத்தோடு குழப்பிக்கொண்டவன் மாட்டுவான், 1799 என்று வைத்தால் திப்பு இறந்த ஆண்டோடு குழப்பியவன், 1801 என்றால் மருது சகோதரர்களோடு. அடுத்த வகுப்பில் எதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பதை விடைகளே சொல்லிவிடும். ஆனால் ஆண்டுக் கேள்வியை வீட்டிலிருந்து எழுதும் டெஸ்ட்டில் கூகுளில் தேடிப் போட்டுவிடுவார்கள். அங்கே வேறு மாதிரி கேளுங்கள்: நெற்றிக்குறி தடை, தாடி மழிக்கும் உத்தரவு, தோல் பதக்கம் செருகிய புதிய தலைப்பாகை, இவற்றில் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு தரப்பையும் ஒன்றாகப் புண்படுத்தியது எது? இதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"மேற்கண்ட அனைத்தும்" என்ற விடையை மறந்துவிடுங்கள். விடைகளின் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள் போட்டிருந்தால் அது முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்கு மேலே ஒன்றுமே இருக்காது. அதேபோல, தமிழ்ப் பெயர்களுக்கு ஷார்ட் ஆன்சர் வகை வேண்டவே வேண்டாம். கோட்டையில் சிப்பாய்கள் மன்னராக அறிவித்த திப்புவின் மகன் பெயரைக் கேட்டால் ஒருவன் ஃபத்தே ஹைதர் என்பான், இன்னொருவன் பதே ஹைதர் என்பான், மூன்றாமவன் நடுவில் இடம் விடமாட்டான். எல்லாமே சரி, மூடுலுக்கு மட்டும் நீங்கள் விடையாகப் பதிந்து வைத்ததைத் தவிர மற்றதெல்லாம் தப்பு.

செட்டிங்ஸில் முக்கியமானது டைமிங். "20-ம் தேதி இரவு 12 மணி வரை" என்று மாணவர்களிடம் சொல்லிவிட்டு, மூடும் நேரமாக 20, 00:00 என்று போட்டேன். 20-ம் தேதி பிறந்த நொடியே டெஸ்ட் மூடிக்கொண்டது, காலையில் எழுந்தவர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் என்னைத் தேடினார்கள். அன்றிலிருந்து 23:55 தான். டெஸ்ட் திறந்திருக்கும் நேரம் வேறு, எழுதும் நேரம் வேறு என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள்: மாலை ஆறு முதல் மறுநாள் இரவு வரை திறந்து வைத்து, எழுத ஆரம்பித்தால் முப்பது நிமிஷம் என்று டைம் லிமிட் கொடுத்தால், அப்பா போனுக்குக் காத்திருக்கும் பிள்ளையும் எழுதும். நேரம் முடிந்ததும் தானாகச் சமர்ப்பிக்கும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

நடுவில் நெட் போனால் பயப்பட வேண்டாம், திரும்ப உள்ளே வந்து அதே அட்டெம்ப்டைத் தொடரலாம். கடிகாரம் மட்டும் நிற்காது, இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி என்று வைத்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் சிக்னல் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டினால் மொபைலில் தள்ளித் தள்ளிக் கை ஓய்ந்துவிடும். நான் ஐந்து வைக்கிறேன். யாராவது நிஜமாகவே சிக்கிக்கொண்டால் யூசர் ஓவர்ரைடு என்று ஒன்று உண்டு, அந்த ஒருவருக்கு மட்டும் நேரம் கூட்டலாம்.

ரிவ்யூ ஆப்ஷன்ஸில் சரியான விடை என்பதை குவிஸ் மூடிய பிறகு மட்டும் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதலில் முடித்தவனின் ஸ்க்ரீன்ஷாட் குரூப்பில் பத்து நிமிஷத்தில் சுற்றும். அப்புறம் பிரிவியூவில் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள், மொபைலில்.

முடிந்ததும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம். அதில் ஃபெசிலிட்டி இண்டெக்ஸ் என்பது எத்தனை சதவீதம் பேர் சரியாக எழுதினார்கள் என்று காட்டும். நன்றாகப் படிப்பவர்களே ஒரு கேள்வியில் கூட்டமாகத் தவறியிருந்தால், முதலில் நீங்கள் குறித்த விடையைச் சரிபாருங்கள், பெரும்பாலும் தப்பு நம்முடையதாகத்தான் இருக்கும். திருத்திவிட்டு ரீகிரேட் கொடுங்கள், மார்க் மறுபடி கணக்கிடப்படும்.

கடைசியாக இன்னொரு ஃபீட்பேக், இந்த முறை பெயர் தெரியாமல். டெஸ்ட் எப்படி இருந்தது, எந்தக் கேள்வி புரியவில்லை என்று கேளுங்கள். ஆப்ஷனில் அனானிமஸ் என்று தேர்ந்தெடுத்துவிட்டு "எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்" என்று கேட்டுவைக்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன், வகுப்பில் பேரணாம்பட்டிலிருந்து வருவது ஒரே ஒரு பெண்தான். அவள் எல்லாக் கேள்விக்கும் "மிக நன்று" என்று போட்டிருந்தாள்.