லேபிளில் இல்லாத ஆக்கள்: பழைய ரொக் அண்ட் ரோல் ரெக்கோட்டில் வாசித்தது யார் என்று பிடிப்பது எப்படி

என் அப்பா காலத்து ஆக்கள் கோயில் வெளிவீதியில் கச்சான் கொறித்துக்கொண்டு நின்றபடியே, உள்ளே அடிப்பது யாருடைய தவில் என்று சொல்லிவிடுவார்கள். தெட்சணாமூர்த்தி என்றால் இரண்டு சொல்லுக்குள் தெரிந்துவிடும், எட்டிப் பார்க்கத் தேவையில்லை. யாழ்ப்பாணக் கஸ்தூரியார் வீதியில் ரேடியோவும் அம்பிளிஃபயரும் திருத்திக் காலம் கழித்த எனக்கு அதே பைத்தியம் வேறு பக்கத்தால் பிடித்தது: 1950களின் அமெரிக்க ரொக் அண்ட் ரோல். அந்த ரெக்கோட்டுகளின் லேபிளில் பாடினவர் பெயர் பெரிதாக இருக்கும். ட்ரம்ஸ் யார், சாக்சபோன் யார் என்று பெரும்பாலும் ஒரு எழுத்தும் இராது. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பெறாமகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை கழுவுவது. 78 சுழற்சி ரெக்கோட் அரக்கில் செய்தது. அதில் ஸ்பிரிட் படவே கூடாது. நான் கடை தொடங்கிய புதிதில் அம்பிளிஃபயர் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சாலேயே ஒன்றைத் துடைத்து, ஊசி ஓடுகிற வரி கரைந்து மங்கிப்போனதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சொட்டுச் சவர்க்காரம், மெல்லிய துணி. லேபிள் நனையக்கூடாது. அவ்வளவுதான்.

அடுத்து, பாட்டு முடிகிற வரிக்கும் லேபிளுக்கும் இடையில் உள்ள வெறும் வளையத்தைப் பாருங்கள். டோர்ச்சை மேலிருந்து அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் அங்கே கீறிய எண் நிழலோடு எழும்பித் தெரியும். தெளியாவிட்டால் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் உரசுங்கள். அதுதான் மாட்ரிக்ஸ் எண். பல கம்பனிகள் ஒரே அமர்வில் பதிந்த பாட்டுகளுக்கு அடுத்தடுத்த எண் போட்டன. ஆகவே ஒரு பாட்டில் வாசித்தவர் யார் என்று தெரிந்தால், பக்கத்து எண் உள்ள பாட்டிலும் அவரையே முதலில் தேடலாம். ரெக்கோட்டின் வெளியீட்டு எண்ணை இதோடு குழப்பாதீர்கள். அது கடைக்கு வந்த வரிசை, பதிந்த வரிசை அல்ல.

கேட்பதற்கு முன் சுருதியைச் சரிபாருங்கள். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் கசற் கேட்ட ஊர் இது. சுற்றுகிற கை களைத்தால் பாடகருக்கும் சுருதி இறங்கும். இப்போது இணையத்தில் கிடைக்கும் பிரதிகளிலும் வேகம் சற்றுப் பிசகியவை உண்டு. சுருதியை நாங்கள் கட்டையால்தானே அளப்போம், கிட்டார்க்காரருக்கு மூன்று கட்டையும் (E) ஆறு கட்டையும் (A) கைக்கு வசதி. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் ரெக்கோட் ஆறு கட்டைதான். கிட்டார் மட்டும் உள்ள பாட்டு இரண்டரைக் கட்டையில் கேட்டால் வேகத்தைச் சந்தேகியுங்கள். சாக்சபோன்கள் முன்னுக்கு நிற்கும் பாட்டென்றால் பொறுங்கள். அவர்களுக்கு நாலு கட்டை, ஆறரைக் கட்டை எல்லாம் வீட்டுமுற்றம் மாதிரி.

இனிக் காது. எல்லாரும் கிட்டாரிலிருந்து தொடங்குவார்கள். நான் ட்ரம்ஸிலிருந்து தொடங்குவேன், தவில் கேட்டு வளர்ந்த பழக்கம். நியூ ஓர்லியன்ஸில் கொசிமோ மட்டாசாவின் சின்ன ஸ்டூடியோவில் ஏர்ள் பால்மர் என்றொரு ட்ரம்ஸ்காரர் இருந்தார். 1949 டிசம்பரில் ஃபட்ஸ் டொமினோ பதிந்த முதல் பாட்டுகளிலும், 1955 செப்டெம்பரில் லிட்டில் ரிச்சர்ட் பதிந்த ‘டூட்டி ஃப்ரூட்டி’யிலும் அவர்தான். இரண்டாம், நான்காம் அடிகளில் விழும் அந்தக் கனத்த அடியை ஒரு கிழமை திரும்பத் திரும்பக் கேளுங்கள். பிறகு எங்கே கேட்டாலும் திரும்பிப் பார்ப்பீர்கள். ஆனால் ஊரை வைத்து மட்டும் ஆளை முடிவுகட்டாதீர்கள். பால்மர் 1957இல் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டார். 1958இல் அங்கே ரிச்சி வலன்ஸ் பதிந்த ‘லா பம்பா’விலும் அடிப்பது அவரே.

சில நேரம் இல்லாத ஆளும் கேட்பார். 1954 ஜூலையில் மெம்பிஸில் சாம் பிலிப்ஸ் பதிந்த எல்விஸின் முதல் ரெக்கோட்டை நண்பர்களுக்குப் போட்டுக்காட்டி, “ட்ரம்ஸ் எப்படி?” என்று கேட்பது என் பழைய குறும்பு. நல்லாயிருக்கு என்பார்கள். அதில் ட்ரம்ஸே இல்லை. பில் பிளாக் தன் பெரிய டபுள் பேஸின் நரம்பை இழுத்து விட, அது மரத்தில் மோதித் தெறிக்கிற ‘டக்’ அது. ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோன் வைத்து, அந்த ‘டக்’குக்கு முன்னால் ஒரு சுருதியும் சேர்ந்து வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் பேஸ். வெறும் தோல் சத்தமென்றால் ட்ரம்ஸ். நல்லவேளை, அந்த லேபிளில் ஸ்கொட்டி, பில் என்று மற்ற இருவர் பெயரையும் போட்டிருந்தார்கள்.

லேபிளே பிழையான ஆளைக் காட்டுவதும் உண்டு. 1951இல் அதே சாம் பிலிப்ஸ் பதிந்து, செஸ் கம்பனி வெளியிட்ட ‘ரொக்கட் 88’ஐ எடுங்கள். ‘ஜாக்கி பிரென்ஸ்டனும் அவரது டெல்டா கட்ஸும்’ என்று போட்டிருக்கும். அப்படியொரு குழுவே இல்லை. அது ஐக் டேர்னரின் குழு. பிரென்ஸ்டன் அதில் சாக்சபோன் வாசித்தவர், அன்று பாடினார். அதில் வில்லி கைசார்ட்டின் கிட்டார் ‘ஙொர்ர்’ என்று அடித்தொண்டையால் பேசும். முதன்முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் திருவிழா முடிந்த மறுநாள் என் கடைக்கு வரும் ஸ்பீக்கர்களின் சத்தம் அதுதான்: கோன் கிழிந்தது. வழியில் பழுதான அம்பிளிஃபயருக்குள் கடதாசியைத் திணித்துப் பதிந்தார்களாம். அம்பிளிஃபயரின் குணமும் கைரேகை மாதிரி, அதே நாளில் பதிந்த மற்றப் பாட்டுகளிலும் அது கேட்கிறதா என்று பாருங்கள்.

படங்களை நம்பி நான் வெட்கப்பட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். பில் ஹேலியின் ‘ரொக் அரவுண்ட் த குளொக்’கில் நடுவில் மின்னல் மாதிரி ஒரு கிட்டார் வருமே, அது ஃபிரானி பீச்சர் என்று பல வருடம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே பெயரில் 1956இல் வந்த சினிமாப் படத்தில் கிட்டாரோடு நிற்பவர் அவர்தானே! பாட்டைப் பதிந்ததோ 1954 ஏப்ரல் 12, நியூ யோர்க். வாசித்தவர் டனி செட்ரோன். பாட்டு உலகமெல்லாம் ஓடுவதற்கு முன்பே, அந்த ஜூன் மாதம் படியில் விழுந்து இறந்துபோனார். ட்ரம்ஸும் கூலிக்கு வந்த பில்லி குசாக். சாக்சபோன்காரரும் பேஸ்காரரும் 1955இல் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். ஆகப் பதிவில் வாசித்த இந்த நால்வரில் ஒருவர்கூடப் படத்தில் இல்லை. காதால் கேட்டிருந்தாலே பிடிபட்டிருக்கும்: 1952இல் ஹேலி பதிந்த ‘ரொக் த ஜொயிண்ட்’டில் ஏறக்குறைய அதே கிட்டார்த் துண்டு இருக்கிறது, அதே செட்ரோனின் கையால்.

கடைசியாகக் கடதாசி. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தின் ஒப்பந்தப் படிவத்தில் திகதி, இடம், வாசித்தவர் பெயர், கூலி எல்லாம் இருக்கும். மூன்று மணி நேர அமர்வுக்கு 1950களின் நடுவில் ஒருவருக்கு 41.25 டொலர். தலைவருக்கு இரட்டிப்பு. கூடிய கூலி உள்ள பெயரை வைத்து ‘இவர்தான் முன்னணி வாசிப்பு’ என்று நினைக்காதீர்கள். குழுவை அழைத்து வந்தவராக இருக்கலாம். சின்னக் கம்பனிகள் பல படிவமே கொடுக்கவில்லை. வயதுபோன பிறகு கலைஞர்கள் சொன்ன பேட்டிகளையும் எடுங்கள், ஆனால் நாற்பது வருடம் கழித்து ஒரு பின்னேரத்தை நினைவுபடுத்தச் சொன்னால் நானும் பிழையாகத்தான் சொல்வேன். பாடகர் சக் பெரியின் ரெக்கோட் என்றாலே பியானோ ஜோனி ஜோன்சன் என்பார்கள். ஆனால் அவரது ‘ஜோனி பி. குட்’டில் வாசித்தது லஃபயெட் லீக்.

கண்டுபிடித்ததை ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எப்படித் தெரியும் என்பதைக் குறியுங்கள். என் கொப்பியில் ‘கா’ என்றால் காது, ‘க’ என்றால் கடதாசி, ‘சொ’ என்றால் யாரோ சொன்னது. ‘கா’ மட்டும் உள்ள பெயரைப் பென்சிலால் எழுதுவேன், ‘க’ கிடைத்த பிறகுதான் பேனை. பிழைத்ததை அழிக்க வேண்டாம், ஒரு கோடு கீறிவிட்டு அப்படியே விடுங்கள். பீச்சரின் பெயர் என் கொப்பியில் பேனையால் எழுதி, மேலே கோடு கீறியபடி இன்னும் இருக்கிறது. பக்கத்தில் ‘படம்’ என்று எழுதி இரண்டு தரம் அடிக்கோடு.