600 மி.மீ. லென்ஸ் ஃபோகஸ் தேடி அலைந்தபோது

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பூநாரை பறந்தாலே என் 150-600 மி.மீ. லென்ஸ் ஃபோகஸ் தேடி முன்னும் பின்னும் ஓடி, கடைசியில் கோரையில் போய் நிற்கும். முதலில், உருவைப் பெரிதாக்க லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரைக் கழற்றினேன். எஃப் எண் கூடக்கூட உள்ளே வரும் ஒளி குறையும். எஃப் 6.3 லென்ஸ் அதோடு சேர்ந்தால் ஏறத்தாழ எஃப் 9; என் டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஆட்டோஃபோகஸ் எஃப் 8 வரைதான் நம்பலாம். பாதித் தொல்லை அதிலேயே போயிற்று. அப்புறம், எந்தத் தூரத்தில் ஃபோகஸ் தேடலாம் என்று வரம்பு கட்டும் ஸ்விட்சை (ஃபோகஸ் லிமிட்டர்) 10 மீட்டருக்கு மேல் என்று தள்ளினேன். கிட்டத்துப் புல்லைத் துழாவுவது நின்றது. ஃபோகஸ் பிடிக்க ஒற்றைப் புள்ளிக்குப் பதில் ஒன்பது புள்ளி, பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் என்று மாற்றினேன்.

இருந்தும் வெயில் ஏறியபின் எடுத்தவை எல்லாம் மங்கல். சர்வீஸுக்குக் கொடு என்றார்கள். லென்ஸ் என்ன செய்யும், பாவம்! சேற்றிலிருந்து எழும் கானல் அது. அதற்கு ஸ்விட்ச் கிடையாது. விடிந்ததும் போய், பறவை கிட்டே வரும் கரையில் நிற்கிறேன்.