நாற்று உயரமாக இருந்தால் போதுமா? வன நாற்றங்காலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூன்று வருடத்துக்கு முன் மலையடிவாரத்தில் நட்ட வேங்கைக் கன்று ஒன்று ஆடிக் காற்றில் சாய்ந்து கிடந்தது. கையால் இழுத்தேன், சிரமமே இல்லாமல் வந்துவிட்டது. ஆணிவேர் ஒரு சாண் இறங்கி, அங்கேயே கயிறு சுருட்டி வைத்த மாதிரி வட்டமாகச் சுற்றியிருந்தது. பாலித்தீன் பையின் அடிப்பாகம் எவ்வளவு அகலமோ, அந்த வட்டமும் அவ்வளவுதான். பையைக் கிழித்துப் போட்டு மூன்று வருடமாகியும் அந்தக் கன்று பைக்குள்ளேயேதான் வாழ்ந்திருக்கிறது. அதுவரை மழையையும் ஆடுகளையும் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். தவறு நடந்த இடம் நாற்றங்கால்.

2022இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் பரப்பில் 33 சதவீதம் காடும் மரமுமாக வேண்டும் என்பது இலக்கு. அதற்குத் தேவையான கன்றுகள் எண்ணிக்கையாகத்தான் பேசப்படுகின்றன: இத்தனை லட்சம், இத்தனை கோடி. நாற்றங்காலில் இருப்பவர்களுக்கும் எண்ணிக்கையும் உயரமும் கண்ணில் படுகிற அளவுக்கு வேர் படுவதில்லை. இங்கே நடக்கும் பெரும்பாலான தவறுகள் மண்ணுக்குள் நடக்கின்றன.

விதையிலிருந்தே தொடங்கலாம். எல்லா விதையையும் ஒரே மாதிரி நடத்துவது நாம் அதிகம் செய்யும் தவறு. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிர்கிறது. பொறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, சாக்கில் கட்டி வைத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துப் பாத்தியில் போட்டால் முளைப்பது சொற்பம். வேம்பின் முளைப்புத்திறன் சில வாரங்களிலேயே இறங்கிவிடும். சதையை நீக்கி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். நாவலும் இலுப்பையும் இன்னும் அவசரக்காரர்கள். அவற்றின் விதைக்குள் ஈரம் வற்றினாலே உயிர் போய்விடும்.

தேக்கு இதற்கு நேரெதிர். கெட்டி ஓட்டுக்குள் விதை உறங்கிக் கிடக்கும். 1840களில் மலபார் கலெக்டராக இருந்த கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட முனைந்தபோது, ஆரம்பத்தில் அவருக்குப் பெரிய தலைவலியாக இருந்ததே விதை முளைக்காததுதான். அவரிடம் வேலை பார்த்த சாத்து மேனன் அதைச் சரிசெய்த பிறகுதான் தோட்டம் எழுந்தது. தேக்குக் கொட்டையை இரவு நீரில் ஊறவைத்துப் பகலில் வெயிலில் காயவைப்பதை ஒரு வாரம், பத்து நாள் திரும்பத் திரும்பச் செய்வது இன்றைய வழக்கம். சரக்கொன்றை, வாகை போன்றவற்றின் தோல் வேறு விதமாகக் கெட்டியானது. தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி, அதில் விதையைப் போட்டு இரவு முழுக்க ஆறவிட வேண்டும். அடுப்பில் வைத்தபடியே வேகவிட்டு விதையைக் கொன்றவர்களும் உண்டு.

சரி, எந்த மரத்து விதை? அலுவலக வாசலில் நிற்கும் ஒற்றை மரத்தின் கீழ் பொறுக்கினால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் ஒரே தாயின் பிள்ளைகளாக ஒரு மலைச்சரிவையே நிரப்பினால், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும். அடுத்த தலைமுறையும் நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்து வலுவிழக்கும். ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் பத்துப் பதினைந்து மரங்களிலாவது, அதுவும் நடப்போகும் காட்டுக்குப் பக்கத்திலேயே, விதை எடுக்க வேண்டும். மஞ்சள் பூவுக்காக ஆசைப்பட்டு வளர்த்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற அயல்நாட்டு மரம் முதுமலைப் பக்கம் காட்டையே மூடிக்கொண்டதையும், இப்போது அதை வெட்டி அகற்றப் பாடுபடுவதையும் நாற்றங்காலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.

விதைக்கும் நாளை நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஆடியில் விதைத்த வேம்பு ஐப்பசி மழைக்கு மூன்று மாதப் பிள்ளை. கூட இருந்து தண்ணீர் ஊற்ற முடிகிற தோட்டத்துக்கு அது சரிப்படலாம். கல்லும் புல்லுமான சரிவில் தனியாகப் பங்குனி வெயிலைத் தாங்காது. அதை அடுத்த வருட மழை வரைக்கும் வளர்ப்பதானால், அப்புறம் சின்னப் பையில் விட்டுவைக்கக் கூடாது. அந்த வேங்கைக்கு நேர்ந்தது இதுதான். நடவு தள்ளிப்போனது, பை மாறவில்லை.

பைக்கு நிரப்பும் மண்ணில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, தொழுவுரம் ஒன்று என்பது பழகிய கணக்கு. தொழுவுரம் மக்கியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். பச்சைச் சாணம் பைக்குள் சூடேறும், வேர்ப்புழுவையும் கரையானையும் கூட்டிவரும். கையில் எடுத்தால் சாண வாடை அடிக்கக் கூடாது, மண் வாடைதான் வர வேண்டும்.

விதை தூவி முளைக்கவைக்கும் தாய்ப்பாத்தியிலிருந்து நாற்றைப் பைக்கு மாற்றும் அந்த அரை நிமிடம்தான் நான் அதிகம் கவலைப்படும் இடம். அன்றைக்கு ஆயிரம் பை முடிக்க வேண்டும் என்ற வேகத்தில் கட்டைவிரலால் குழி போட்டு, நாற்றை வைத்து அழுத்திவிடுகிறார்கள். குழி ஒரு அங்குலம், வேர் மூன்று அங்குலம். வேர் தூண்டில் முள் மாதிரி மேல்நோக்கி வளைந்துகொள்ளும். மேலே இலை பசுமையாக இருப்பதால் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் பொறுமையாகச் செய்தால் போதும். தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடித்துத் தூக்குங்கள், ஏனென்றால் நசுங்கிய தண்டு திரும்ப வராது. குச்சியால் வேரின் நீளத்தைவிட ஆழமாகத் துளை போடுங்கள். நாற்றைத் தேவைக்குச் சற்றுக் கீழே இறக்கி, மெல்ல மேலே இழுத்தால் வேர் நேராகும். பிறகு பக்கத்து மண்ணை அணையுங்கள். வேர் ரொம்ப நீளமென்றால் நுனியைக் கத்தரிப்பது நல்லது, மடித்துத் திணிப்பதுதான் கெடுதல். வேலையைச் சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் பாசம் அதிகமாகிக் கெடுப்பது உண்டு. காலையில் நன்றாக நின்ற பாத்தி மறுநாள் திட்டுத் திட்டாகச் சாய்ந்திருக்கும். மண்ணை ஒட்டிய கழுத்துப் பகுதி மட்டும் பழுப்பாகி நூலாக இளைத்திருக்கும். அது நாற்றழுகல், பூசண நோய். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினால் பாத்தி முழுக்கப் பரவும். விதையை நெருக்கமாகத் தூவாமல், டியூபால் தண்ணீரைப் பீய்ச்சாமல், பூவாளியில் காலை நேரத்தில் ஊற்றினாலே பாதிப் பிரச்சினை வராது. வந்துவிட்டால் நீரைக் குறைத்து, சாய்ந்தவற்றைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு சதவீத போர்டோ கலவையை மண் நனைய ஊற்றலாம்.

பைகளை மாதம் ஒருமுறையாவது தூக்கி இடம் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வேர் பையின் துளை வழியே தரைக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கிய நாற்றுதான் பாத்தியிலேயே உயரமாக, கம்பீரமாக நிற்கும். நடவன்று தூக்கும்போது வேர் அறுந்து இரண்டு நாளில் வாடும். இடம் மாற்றும்போதே பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து அடுக்குங்கள். உயரத்தோடு கழுத்துத் தடிமனையும் பாருங்கள். ஓராண்டுக் கன்றுக்குப் பென்சில் தடிமன் வேண்டும். நெருக்கி அடுக்கிய நிழலில் வெளிச்சம் தேடி நீண்ட நாற்று உயரமான நோயாளி.

சந்தனத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. அது பக்கத்துச் செடியின் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஒட்டுண்ணி. அதனால் பையிலேயே துவரையோ பொன்னாங்கண்ணியோ வளர்ப்பார்கள். விவரம் சொல்லாமல் களையெடுக்க அனுப்பினால், வேலைக்கு வந்த அக்காக்கள் அதையும் சுத்தமாகப் பிடுங்கிவிடுவார்கள். தவறு அவர்களுடையது அல்ல. அதைப் பிடுங்காமல், சந்தனத்தை மறைக்கும் அளவுக்கு வளரும்போது கத்தரித்துவிட்டால் போதும்.

பூச்சியைக் காலையில் நடந்து பார்ப்பவர்தான் பிடிப்பார். பெருமரம் என்ற மரவகையின் நாற்று இலைகளை வலை பின்னித் தின்னும் புழு சில நாளில் பாத்தியை மொட்டையாக்கும். தொடக்கத்திலேயே வலையோடு கிள்ளி அழித்தால் மருந்துக்கு வேலையில்லை.

நடவுக்கு ஒரு மாதம் முன்பே நிழல்வலையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி, தண்ணீரையும் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நேற்று வரை நிழலில் இருந்ததை இன்று பொட்டல் வெயிலில் நட்டால் இலை கருகும். வண்டியில் ஏற்றும் முன்தினம் நன்றாக நனைத்து, பையின் அடியைப் பிடித்துத் தூக்கி, மேலே தார்ப்பாய் மூடுங்கள். தண்டைப் பிடித்துத் தூக்கினால் பைக்குள் மண் உடைந்து சல்லிவேர் அறுந்துவிடும். குழி அருகே பையைப் பிளேடால் கீறி முழுதாக எடுத்த பின், அடி மண்ணைத் திருப்பிப் பாருங்கள். வேர் சுற்றியிருந்தால் அடியில் அரை அங்குலம் சீவி, பக்கங்களில் மேலிருந்து கீழாக இரண்டு மூன்று கீறல் போட்டு, அப்புறம் குழியில் இறக்குங்கள்.