புது எடிட்டிங் சிஸ்டம் கிராஷ் ஆகிறதா? முதலில் ஃபார்மட் செய்யாதீர்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் லட்சங்களைக் கொட்டி அசெம்பிள் செய்த சிஸ்டம். பழைய கணினியில் திக்கித் திக்கி நகர்ந்த நாலு கேமரா மல்டிகேம் (நாலு கேமரா வீடியோவை ஒன்றாக வைத்து எடிட் செய்வது) இதில் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் முகூர்த்த வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டால், முக்கால்வாசி வந்ததும் பிரீமியரோ ரிசால்வோ, எந்த எடிட்டிங் சாஃப்ட்வேராக இருந்தாலும் சத்தமில்லாமல் மூடிக்கொள்கிறது. அல்சூரிலும் ராமமூர்த்தி நகரிலும் கல்யாண சீசனில் இரவு பகலாக உட்காரும் எடிட்டர்கள் இந்த நேரத்தில் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான்: சாஃப்ட்வேரை நீக்கி மறுபடி போடுவது, அதற்கும் சரியாகவில்லை என்றால் விண்டோஸையே ஃபார்மட் செய்வது.

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். என்ன நடந்தது என்பதை விண்டோஸ் தானே எழுதி வைத்திருக்கிறது. ஃபார்மட் செய்தால் அந்தப் பதிவு போய்விடும். கூடவே இரண்டு நாளும் போகும். கடைக்காரர் பொருளைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவது வாங்கிய முதல் சில நாட்களில்தான். அதன் பிறகு சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த ஆரம்ப நாட்களை இன்ஸ்டால் செய்வதில் வீணடிக்காதீர்கள்.

பதிவைப் படிக்காமல் பாகத்தைக் குறை சொல்வது

ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று தேடினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். கிராஷ் ஆன நாளில் சிவப்பு வட்டம் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். பிறகு ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்', 'சிஸ்டம்' இரண்டையும் அதே நேரத்துக்குப் பாருங்கள்.

எடிட்டிங் சாஃப்ட்வேர் மட்டும் மூடியிருந்தால் அப்ளிகேஷன் பதிவில் 1000 என்ற எண் இருக்கும். அதில் 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற வரிதான் முக்கியம். நாலு முறை கிராஷ் ஆகி நாலு முறையும் ஒரே மாட்யூல் வந்தால் டிரைவர், பிளகின், கோடெக் பக்கம் தேட வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர் வந்தால் ராமையும் பிராசசரையும் சந்தேகப்படுங்கள். டைம்லைனும் இதையே சொல்லும். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் அந்த கிளிப்பிலோ அதன்மேல் போட்ட எஃபெக்ட்டிலோ கோளாறு. ஒரு முறை 12-வது நிமிடம், அடுத்த முறை 31-வது நிமிடம் என்று மாறினால் ஹார்டுவேரைப் பாருங்கள்.

திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பி வந்தால் சிஸ்டம் பதிவில் 4101 என்ற எண்ணைத் தேடுங்கள். கிராபிக்ஸ் கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை மறுதொடக்கம் செய்யும். இது அந்தப் பதிவு.

முழு சிஸ்டமும் அணைந்து எழுந்தால் 'கெர்னல் பவர் 41' இருக்கும். 'பவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் புது பவர் சப்ளை வாங்க ஓடுகிறார்கள், பாவம். சிஸ்டம் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதைத் தவிர அந்த வரி எதையும் சொல்வதில்லை, காரணத்தைச் சொல்வதே இல்லை. அதற்கு முன்போ பின்போ 'வீயா லாகர்' (WHEA-Logger) என்ற பெயரில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அது ஹார்டுவேர் தானே கொடுக்கும் புகார். அதில் 18 என்ற எண் இருந்தால் பெரும்பாலும் பிராசசர், அதன் வோல்டேஜ், ராம் ஆகிய மூன்றில் ஒன்று.

பயாஸில் வேகத்தைக் கூட்டியதை மறந்துவிடுவது

அசெம்பிள் செய்பவர் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு செட்டிங் திரையில், ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் செய்துதான் தருவார். ராம் பெட்டியில் 6000, 6400 என்று போட்டிருக்கும் வேகம் அப்போதுதான் கிடைக்கும். ஆனால் அது ஓவர்கிளாக், அதாவது உறுதி தரப்பட்ட வேகத்துக்கு மேல் ஓட்டுவது. ரைசன் 9000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ஸ்டிக்குக்கு 5600 வரை, நாலு ஸ்டிக் போட்டால் 3600 மட்டுமே. '16 ஜிபி நாலு போட்டால் 64 ஜிபி, விலையும் குறைவு' என்று வாங்கி 6000-ல் ஓட்டினால், ஒவ்வொரு ஸ்டிக்கும் நல்லதாக இருந்தாலும் கிராஷ் வரலாம். 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டாக வாங்குங்கள். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போடுங்கள்.

சோதனை எளிது. பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு, கிராஷ் ஆன அதே பிராஜெக்ட்டை மூன்று நாலு முறை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் 5600-ல் வைத்துப் பாருங்கள், பிறகு மெல்ல ஏற்றுங்கள். ராம் பழுதா இல்லை வேகம்தான் அதிகமா என்று தெரிய, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் போட்டு அதிலிருந்து பூட் செய்து நாலு பாஸ் (சுற்று) ஓட விடுங்கள். 64 ஜிபிக்கு ஓர் இரவே பிடிக்கும். ஒரே ஒரு எரர் வந்தாலும் அது தேறவில்லை. 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது.

6400-க்கும் 5600-க்கும் எக்ஸ்போர்ட் நேரத்தில் வரும் வித்தியாசம் சொற்பம். பாதியில் நிற்கும் ஒரு ரெண்டர் அதைவிடப் பல மடங்கு நேரத்தைத் தின்றுவிடும்.

இன்டெல் 13, 14-வது தலைமுறையை அப்டேட் செய்யாமல் ஓட்டுவது

இந்த இரண்டு தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில், முக்கியமாக ஐ9, ஐ7, சில ஐ5 மாடல்களில் உள்ள கோளாறை இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டது. பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்குகிறது. நாளடைவில் உள்ளே ஒரு பகுதி தேய்ந்து, முன்பு போதுமானதாக இருந்த வோல்டேஜில் நிலையாக ஓட முடியாமல் போகிறது. இதற்கான மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) திருத்தங்கள் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், பிறகு 2025 மே மாதத்திலும் வந்தன. அவை பயாஸ் அப்டேட் வழியாகவே முழுமையாகச் சேரும். கடையில் ஒரு வருடம் பெட்டியிலேயே கிடந்த மதர்போர்டு உங்களுக்குப் புதிதுதான். அதற்குள் இருக்கும் பயாஸ் பழசு.

இன்னொரு சிக்கல், பல மதர்போர்டுகள் பவர் வரம்பையே தளர்த்தி 4096 வாட் என்று வைத்திருந்தன. வரம்பே இல்லை என்பதற்குச் சமம் அது. ஐ9 14900கே-க்கு இன்டெல் சொல்லும் அளவு 253 வாட். பயாஸை அப்டேட் செய்த பிறகு 'இன்டெல் டிஃபால்ட் செட்டிங்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் போர்டே வீணாகலாம், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. அறிகுறிகள் விநோதமாக இருக்கும். டிரைவர் இன்ஸ்டாலர் பிரியும்போதே எரர் காட்டும், சரியான ஜிப் ஃபைல் ஒரு முறை திறந்து மறுமுறை கெட்டது என்று சொல்லும், கார்டில் 16 ஜிபி மெமரி இருக்கும்போதே வீடியோ மெமரி போதவில்லை என்று வரும். பயாஸில் பெர்ஃபார்மன்ஸ் கோர் ரேஷியோவை (பிராசசர் வேகத்தின் பெருக்கெண்) இரண்டு மூன்று படி குறைத்துப் பாருங்கள், 57 என்றால் 54. கிராஷ் நின்றுவிட்டால் பிராசசர் பலவீனமாகிவிட்டது. அப்படியே குறைத்து வைத்து ஓட்டாமல் வாரன்டியில் மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட, பெட்டியோடு விற்ற பிராசசர்களுக்கு இன்டெல் வாரன்டியை மேலும் 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது. கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு இந்தக் கோளாறு இல்லை.

கேமராவைப் பார்க்காமல் பிராசசர் வாங்குவது

பெயரில் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசர் விலை கொஞ்சம் குறைவு. 'தனி கார்டு இருக்கே, உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் எதற்கு?' என்பார்கள். கேமுக்கு அது சரி. எடிட்டிங்குக்கு அந்த உள் கிராபிக்ஸில்தான் வீடியோவை விரிக்கும் (டிகோட் செய்யும்) குவிக் சிங்க் இருக்கிறது. சோனி ஏ7 4, எஃப்எக்ஸ்3 போன்ற கேமராக்களின், நிற விவரம் அதிகமுள்ள எச்.265 4:2:2 10-பிட் ஃபுட்டேஜை ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளால் ஹார்டுவேரில் விரிக்க முடியாது. இன்டெல் 11-வது தலைமுறை முதல் குவிக் சிங்க் செய்யும், ஆர்டிஎக்ஸ் 50 வரிசையும் செய்யும். இரண்டும் இல்லையென்றால் சுமை முழுக்க பிராசசர் கோர்கள் மேல் விழும். ராமிலோ வோல்டேஜிலோ ஒளிந்திருந்த கோளாறு அந்தச் சுமையில்தான் வெளியே வரும்.

உள் கிராபிக்ஸ் இருந்தும் டாஸ்க் மேனேஜரில் தெரியாவிட்டால், பயாஸில் 'ஐஜிபியு மல்டி மானிட்டர்' என்பதை ஆன் செய்து இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போடுங்கள். டைம்லைனை ஓட விட்டு, டாஸ்க் மேனேஜரில் 'வீடியோ டிகோட்' கோடு எழுகிறதா என்று பாருங்கள். வேறு வழியில்லை என்றால் புரோரெஸ் பிராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி-யில் பிராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டுமான இலகுவான நகல், எடுத்து வேலை செய்யலாம்.

டிகோடர்தான் காரணமா என்று அறிய, பிரீமியரில் பிரிஃபரன்சஸ், மீடியா சென்று ஹார்டுவேர் டிகோடிங் டிக்கை எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மறுபடி திறங்கள். ரிசால்வில் இது சிஸ்டம் பிரிஃபரன்சஸின் டிகோட் ஆப்ஷன்ஸில் இருக்கும். கிராஷ் நின்றால் பெரும்பாலும் டிரைவர் கோளாறு. என்விடியாவின் கேம் ரெடி டிரைவரை நீக்கி ஸ்டூடியோ டிரைவர் போடுங்கள். நீக்குவதற்கு, டிரைவரை முழுதாகத் துடைக்கும் டிடியு (DDU) கருவியை சேஃப் மோடில் ஓட்டுங்கள், அந்த நேரத்தில் நெட்டைத் துண்டித்து வையுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸ் அப்டேட் தன்னிடம் உள்ளதைப் போட்டுவிடும். புதிதாக வந்த டிரைவர்தான் நல்லது என்றும் இல்லை. ஒரு வெர்ஷன் பின்னால் போனாலே சரியாவது உண்டு. சிலர் எடுத்த எடுப்பில் ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 நொடிக் கெடுவை 60 ஆக்கிவிடுகிறார்கள். கார்டு ஏன் பதில் தரவில்லை என்பது அதனால் மறைந்துதான் போகும்.

கரன்ட்டும் கேபிளும்

பெஸ்காம் கரன்ட் போகுமே என்று 600 விஏ யுபிஎஸ் வாங்கி மாட்டுவது பெங்களூரில் சகஜம். அது தாங்குவது சுமார் 360 வாட். ஆர்டிஎக்ஸ் 4090 மட்டுமே 450 வாட் வரை இழுக்கும், 5090 575 வாட். டைப் செய்யும்போதும் கட் செய்யும்போதும் அமைதியாக இருக்கும் யுபிஎஸ், ரெண்டர் தொடங்கியதும் கத்தி அணையும். சுவர் பிளக்கில் நேராகப் போட்டு ரெண்டர் செய்து பாருங்கள். அணைவது நின்றுவிட்டால் விடை கிடைத்துவிட்டது. பழைய வாடகை வீடுகளில் கேபினெட்டைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனை அழைக்காமல் அந்த பிளக்கில் ஓட்டாதீர்கள்.

கார்டின் 16 பின் பவர் கேபிள் கடைசி வரை உள்ளே போயிருக்க வேண்டும், இடைவெளி தெரியக் கூடாது. கனெக்டரிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் கேபிளை வளைக்காதீர்கள். கேபினெட் கண்ணாடி அழுத்தும்படி மூடினால் வளையத்தான் செய்யும். அங்கே உருகிய கனெக்டர்கள் உண்டு.

சூட்டைத்தான் எல்லாரும் முதலில் பழிக்கிறார்கள். ரைசன் சுமார் 95 டிகிரியிலும் இன்டெல் சுமார் 100 டிகிரியிலும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்காகக் கிராஷ் ஆவது அரிது. கூலர் அடியில் பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் மாட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

சாஃப்ட்வேர் பக்கம்

பழைய கணினியிலிருந்து பிரிஃபரன்சஸ், பிளகின் ஃபோல்டர்களை அப்படியே காப்பி செய்யாதீர்கள். கிராக் பிளகின் இருக்கும்வரை எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை. '64 ஜிபி ராம் இருக்கிறதே' என்று பேஜ்ஃபைலை (ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) அணைத்து வைத்திருந்தால் மறுபடி விண்டோஸிடமே விடுங்கள். பிராஜெக்ட் டெஸ்க்டாப்பில் இருந்தால் ஒன்டிரைவ் அதை இழுத்துக்கொண்டிருக்கும், தனி எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், கேஷையும் அங்கேயே வையுங்கள். டைட்டில் டூலைத் திறந்தாலே மூடிக்கொண்டால், அழைப்பிதழ் டிசைனர் கொடுத்த நூற்றுக்கணக்கான பழைய தமிழ் ஃபான்ட்டுகளை நீக்கிப் பாருங்கள். கெட்டுப்போன ஒரே ஒரு ஃபான்ட் போதும். வாட்ஸ்அப்பிலும் போனிலும் வந்த கிளிப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற சாஃப்ட்வேரில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு டைம்லைனில் போடுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே பிராஜெக்ட்டை அதே செட்டிங்கில் மூன்று முறை எக்ஸ்போர்ட் செய்து தேதியோடு எழுதி வையுங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளையும், ரிலையபிலிட்டி ஹிஸ்டரி ஸ்கிரீன்ஷாட்டையும், மெம்டெஸ்ட் எரர் திரையின் போட்டோவையும், சீரியல் எண் போட்ட ஜிஎஸ்டி பில்லையும் எடுத்துச் செல்லுங்கள். பில் இல்லாமல் விலை குறைத்து வாங்கிய பிராசசர் பெரும்பாலும் பெட்டியில்லாத டிரே ரகம். அதற்கு இன்டெல்லிடம் நேராக வாரன்டி கேட்க முடியாது, விற்றவரிடம்தான் கேட்க வேண்டும்.