முதல் ரோட் ரேஸுக்கு முன்: அடுத்தவர் சக்கரத்துக்குப் பின்னால் ஓடப் பழகுவது

எல்லா சைக்கிளோட்டப் போட்டியும் ஒன்றல்ல. ரோட் ரேஸில் எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவார்கள். கோட்டை முதலில் தாண்டுகிறவருக்கு வெற்றி. கிரிட்டீரியமும் அப்படித்தான், ஆனால் சின்னச் சுற்றுப்பாதையில் பல சுற்று: வளைவுக்கு வளைவு பிரேக், உடனே மறுபடி இழுவை. டைம் ட்ரயலில் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அனுப்புவார்கள், போட்டி கடிகாரத்தோடு. டிராக் சைக்கிளில் பிரேக்கே கிடையாது, சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். மவுண்டன் பைக் 1996 இலும் பிஎம்எக்ஸ் 2008 இலும் ஒலிம்பிக்குக்குள் வந்தன. அவை தனி உலகம்.

கொழும்பில் தொடங்குகிறவர் முதலில் டைம் ட்ரயல், அடுத்து ரோட் ரேஸ் என்று போவது நல்லது. கிரிட்டீரியம் கடைசியில்.

சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியமான யுசிஐயின் விதிப்படி போட்டி சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. அந்த எண்ணைத் துரத்திக் காசைக் கரைக்காதீர்கள். 10 கிலோ அலுமினிய சைக்கிள் தாராளமாகப் போதும். மிச்சக் காசில் மீட்டர் வைத்த நின்றடிக்கும் பம்ப் ஒன்று வாங்குங்கள். பெற்றோல் செட் குழாய், ரேஸ் டியூபில் இருக்கும் மெல்லிய பிரெஸ்டா வால்வில் நேரே பொருந்தாது, இடையில் ஒரு பித்தளை அடப்டர் வேண்டும். காற்றடிக்க முதல் வால்வு நுனியிலுள்ள குட்டி நட்டைத் தளர்த்தி, விரலால் ஒருமுறை அமுக்கி 'உஸ்' சத்தம் கேட்டபின் பம்பை மாட்டுங்கள். 65 கிலோ ஆளுக்கு, டியூப் போட்ட 25 மில்லிமீட்டர் டயரில் பின்னுக்கு 85, முன்னுக்கு 80 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு) அளவில் தொடங்கலாம். மழை நாளில் 5 குறையுங்கள். டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

இனித்தான் முக்கியமான வேலை. முன்னால் போகிறவர் காற்றைத் தடுக்கும் மறைவில் ஓடினால் கால் பலத்தில் கால்வாசிக்கு மேல் மிச்சம். ஆனால் உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏறி நிற்கக் கூடாது. அவர் ஒரு சாண் விலகினாலே உரசும். அவருக்கு வெறும் தட்டுத்தான், விழுவது நீங்கள். சைக்கிள் சாயாமல் நிற்பதே முன்சக்கரத்தைச் சற்றுச் சற்றுத் திருப்புவதால்தான். உரசிய சக்கரம் திரும்பாது.

ஞாயிறு விடியற்காலை, பத்தரமுல்லைப் பக்கம் வாகனம் குறைந்த நேரான துண்டில், நண்பர் ஒருவரோடு பழகுங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர், 1 மீட்டர் இடைவெளி. பழகப் பழக அரை மீட்டருக்குக் கொண்டு வரலாம். அவருடைய சக்கரத்தையே முறைக்காதீர்கள். பார்வை அவர் தோளுக்கு மேலால் றோட்டில் இருக்கட்டும். நெருங்கிவிட்டால் பிரேக்கைப் பிடிக்க வேண்டாம், பின்னால் வருகிறவர் உங்கள்மேல் ஏறிவிடுவார். மிதிப்பதைக் கொஞ்சம் தளர்த்தி நெஞ்சை நிமிர்த்துங்கள், காற்றே வேகத்தைக் குறைத்துவிடும்.

மரைன் டிரைவில் இதைப் பழக நினைப்பவர்களுக்கு: வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகும்போது கடல் இடக்கையில். காற்றும் அங்கிருந்து அடித்தால் மறைவு முன்னவரின் வலப்பக்கம் நகரும். மறைவைத் தேடி நீங்களும் நகர, சக்கரம் தானாகப் பக்கத்தில் ஏறிவிடும். பொதுத் தெருவில் அந்த மறைவை விட்டுவிட்டு நேர் பின்னாலேயே இருங்கள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். வீடு வந்ததும் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய். மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: எந்தக் கைக்கு எந்தச் சக்கரத்தின் பிரேக் என்று சிலர் கேட்டதால் இது. ஐரோப்பாவிலிருந்து வரும் பாவித்த ரேஸ் சைக்கிள் பலவற்றில் இடக்கைதான் முன் பிரேக். வலக்கையில் முன் பிரேக் பிடித்துப் பழகியவர், அவசரத்தில் பின்சக்கரம் என்று நினைத்து இடதை இறுக்கினால் ஹாண்டிலுக்கு மேலால் பறப்பார். சைக்கிளை நிறுத்திவைத்து எந்தக் கை எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். கேபிள் பிரேக் என்றால் கடையில் இரண்டையும் மாற்றிப் போடச் சொல்லலாம், வேலை சின்னதுதான். எண்ணெய் டிஸ்க் பிரேக் என்றால் குழாயைக் கழற்றிக் காற்றெடுக்க வேண்டியிருக்கும், கூலி கூடும்.