விண்டோஸ் ஃபயர்வால் ஆன்ல இருந்தா மட்டும் பத்தாது, இதையும் பாத்துடுங்க

ஃபயர்வால்ல (நெட்வொர்க் வழியா கம்ப்யூட்டருக்குள்ள தேவையில்லாதது வராம தடுக்கற காவல்) பச்சை டிக் இருக்கான்னு பாத்துட்டு அதோட விட்டுடறோம், ஆனா உள்ள போய் பாத்தா எப்பவோ போட்டு தூக்கின கேமுக்கு கூட இன்னும் கதவு தொறந்து கெடக்கும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு சர்வீஸ் பேக் 2ங்கற அப்டேட் வந்த 2004லேர்ந்தே இது தானாவே ஆன்ல தான் வருது, அதனால நம்ம வேலை ஓட்டைய அடைக்கறது தான்.

முதல்ல செட்டிங்ஸ்ல உங்க வைஃபை ப்ராப்பர்ட்டீஸ் போய் அது பப்ளிக்கா ப்ரைவேட்டான்னு பாருங்க. வீட்டு நெட்வொர்க் தவிர மத்த எல்லாமே பப்ளிக்ல இருக்கட்டும்.

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டில ஃபயர்வால் பக்கம் போய் 'அலோ ஆன் ஆப்' லிஸ்ட்ட தொறங்க, பப்ளிக்னு தலைப்பு போட்ட வரிசைல இருக்கற டிக்ல உங்களுக்கு தேவைப்படாதத எடுத்துடுங்க.

இப்ப முக்கியமான எடம். ஸ்டார்ட் மெனுல 'அட்வான்ஸ்டு செக்யூரிட்டி'ன்னு தேடினா இன்னொரு ஃபயர்வால் விண்டோ வரும், அதுல எத தொடறதுக்கு முன்னாடியும் எக்ஸ்போர்ட் பாலிசி குடுத்து ஒரு காப்பி வச்சுக்கோங்க, ஏதாவது சொதப்பினா அத இம்போர்ட் பண்ணிக்கலாம். இன்பவுண்ட் ரூல்ஸ்ல (வெளிலேர்ந்து உள்ள வர்றதுக்கான விதிகள்) ரிமோட் டெஸ்க்டாப் (வேற எடத்துலேர்ந்து கம்ப்யூட்டர இயக்கறது, போர்ட் அதாவது கதவு எண் 3389), ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் (போர்ட் 445) ரெண்டையும் நீங்க யூஸ் பண்ணலன்னா டிசேபிள் பண்ணுங்க, டிலீட் வேண்டாம். 2017 மே மாசம், ஃபைல்கள பூட்டிட்டு பணம் கேக்கற வானாகிரை வைரஸ் பரவினது இந்த 445 வழியா தான், அதனால இத சும்மா விடாதீங்க.

ஒரு தடவ ஃபைல் அனுப்பற ஆப் ஒண்ணு போட்டேன், அத அலோ பண்ணலாமான்னு ஃபயர்வால் பாப்அப் வந்துச்சு, கேன்சல் அடிச்சேன், அப்புறம் நானே அலோ ரூல் போட்டும் கனெக்ட் ஆகவே இல்ல. தேடி பாத்தா கேன்சல் அடிச்சப்பவே அந்த ஆப் பேர்ல ஒரு பிளாக் ரூல் உக்காந்துருக்கு, அலோவும் பிளாக்கும் மோதினா பிளாக் தான் ஜெயிக்கும். செகப்பு ஐகான் இருக்கற அந்த ரூல தூக்கினதும் சரியாயிடுச்சு.

அதே விண்டோவோட ப்ராப்பர்ட்டீஸ்ல லாகிங் இருக்கு, 'லாக் டிராப்டு பாக்கெட்ஸ்'க்கு எஸ் குடுங்க. எது தட்டுது எது தடுக்கப்படுதுன்னு அப்ப தான் தெரியும்.

ஏர்போர்ட் மாதிரி எடத்துல வைஃபை போடறப்ப பப்ளிக் நெட்வொர்க்ல 'பிளாக்ஸ் ஆல் இன்கமிங்' டிக் பண்ணிடுங்க, பிரவுசிங் மெயில் எல்லாம் வழக்கம் போல ஓடும், வெளிலேர்ந்து வர்றது மட்டும் நிக்கும்.