நாட்டின் பெயரைப் பார்த்துப் பவர் ஆம்ப்ளிஃபையர் வாங்குவோர் செய்யும் தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்த குடும்பங்களில் ஹோம் தியேட்டர் ஆசை பெருகிவிட்டது. ஸ்பீக்கரை இயக்கும் வலுவைத் தரும் பவர் ஆம்ப்ளிஃபையரை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, “இது எந்த நாட்டில் செய்தது?” என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒரு பதிலைக் கொண்டே விலையையும் தரத்தையும் முடிவு செய்துவிடுகிறார்கள்.

கருவியின் பின்புறம் அச்சிடப்பட்டிருக்கும் நாடு, பெரும்பாலும் அது முழு உருப்பெற்ற இடத்தைத்தான் காட்டுகிறது. மின்சுற்றை வடிவமைத்தவர் யார், உள்ளிருக்கும் பாகங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அது சொல்வதில்லை. ரோட்டல், ஜப்பானியக் குடும்பம் ஒன்று 1961-இல் தொடங்கிய ஒலிக்கருவி நிறுவனம். அதன் கருவிகள் சீனாவின் சூஹாயிலுள்ள அதன் சொந்தத் தொழிற்சாலையில் உருவாகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட பாராசவுண்ட், தன் ‘ஹேலோ’ கருவி வரிசையைத் தைவானில் செய்விக்கிறது. ‘சீனச் சாமான்’ என்று ரோட்டலை ஒதுக்குகிறவர், பெயர் தெரியாத மலிவுப் பெட்டியையும் அதையும் ஒன்றாக்கிவிடுகிறார். யமஹாவின் ஏ.வி. ரிசீவர்கள் (ஆம்ப்ளிஃபையரை உள்ளடக்கிய ஹோம் தியேட்டர் கருவிகள்) பல, நமக்குப் பக்கத்திலுள்ள ஈப்போ வட்டாரத்தில் உருவாகி, ‘மலேசியத் தயாரிப்பு’ என்ற முத்திரையோடு அயல்நாடுகளுக்குச் சென்றிருக்கின்றன. நம் ஊர்க்காரரே அந்த முத்திரையைக் கண்டு முகம் சுளிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வாட் எண்ணை அதன் நிபந்தனைகளைப் படிக்காமல் ஒப்பிடுவது, பணத்தை இன்னும் அதிகமாக விழுங்கும் தவறு. ஒரே ஒரு சேனலை (ஒரு ஸ்பீக்கருக்கான ஒலிவழியை) இயக்கி, 6 ஓம் சுமையில் (ஸ்பீக்கரின் மின்தடையில்), 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் கொடுத்து, 10 விழுக்காடு சிதைவு வரை அனுமதித்து அளந்த 150 வாட்டும், எல்லாச் சேனல்களையும் ஒருசேர இயக்கி, 8 ஓம் சுமையில், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை 0.1 விழுக்காட்டுக்குக் குறைவான சிதைவுடன் அளந்த 100 வாட்டும் எதிரெதிரே வைக்கத்தக்கவை அல்ல; பின்னதே வலுவானது. வாட் இரு மடங்கானாலும் ஒலி கூடுவது 3 டெசிபெல்தான் (டெசிபெல் என்பது சத்தத்தின் அளவு). 87 டெசிபெல் உணர்திறன் (குறிப்பிட்ட வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற அளவு) கொண்ட ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபெல் ஸ்பீக்கரைத் தேர்ந்தாலே அந்த ஆதாயம் கிடைத்துவிடும். ஆகவே ஸ்பீக்கரை விட்டுவிட்டு, ஒரு வாட்டுக்கு எத்தனை ரிங்கிட் என்று கணக்குப் போடுவதில் பொருளில்லை.

வெளிநாட்டு விலையைக் கண்டு மயங்குகிறவர்கள் மின்னழுத்தத்தை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட், இங்கே 230 வோல்ட். மாற்றிக்கொள்ளும் வசதியில்லாத கருவிக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அந்தச் செலவோடு கப்பல் கூலியையும் வரியையும் சேர்த்தால், மலிவாகத் தெரிந்தது மலிவாக இராது.

நம் பக்கத்து மாலை நேர இடியும் மின்னலும் எந்த நாட்டுக் கருவியையும் விட்டுவைப்பதில்லை. ஆகையால் பணம் கட்டுமுன், உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா, ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ அதைத் திறந்து பழுதுபார்க்கும் ஆள் இருக்கிறாரா என்று விற்பவரிடம் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.